அறுபதைத் தாண்டிய இருவர் பழநிக்கு நடப்பதென்றால்: எங்கிருந்து, யாரோடு, எப்போது

பழநிக்கு நடந்து போகலாமா வேண்டாமா என்பது அவரவர் வேண்டுதலையும் அவரவர் டாக்டரையும் பொறுத்தது. அதற்குள் நான் போகவில்லை. போவது என்று முடிவாகிவிட்டது, கணவன் மனைவி இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு மூட்டு வலி என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் போவது என்பதில் நாலைந்து வழி இருக்கிறது. அவற்றில் எது நமக்குத் தோதுப்படும் என்பதுதான் இங்கே பேச்சு. எங்கள் வீட்டில் சர்க்கரை எனக்கு, மூட்டு வலி எங்க வீட்டுக்காரருக்கு. ஊர் மதுரை.

பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போடுவார்கள். நம் வயதில் போட வேண்டிய கணக்கு மறுநாள் காலையைப் பற்றியது. ராத்திரி படுத்து விடிகாலையில் எழுந்தால் கால் தரையில் ஊன்றுமா? அதுவும் இருவரில் மெதுவாக நடக்கிறவருக்கு ஊன்றுமா? எந்த ஏற்பாட்டைப் பற்றி யோசித்தாலும் இந்தக் கேள்வியில்தான் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கிறேன்.

எங்கிருந்து கிளம்புவது

பெருவழி என்றால் செட்டிநாட்டு வழிதான். நகரத்தார் குன்றக்குடியில் கூடி, ரத்தினவேலோடும் காவடிகளோடும் கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று வருவார்கள். நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் என்பார்கள். காரைக்குடியிலிருந்து கணக்கிட்டால் பழநி 160 கிலோமீட்டர் பக்கம். எங்கே தங்குவது, எங்கே சாப்பாடு என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானமானது. காவடி எடுத்தவர்களில் பலர் திரும்பும்போதும் நடந்தே ஊர் போய்ச் சேருவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுபது தாண்டிய ஆச்சிகள் விறுவிறுவென்று போவதைப் பார்த்துவிட்டு, அவர்களால் முடியும்போது நம்மால் முடியாதா என்று தோன்றும். அவர்களில் பலர் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து வருஷம் தவறாமல் நடக்கிறவர்கள். முதல்முறை கிளம்புகிற நமக்கு அது அளவுகோல் ஆகாது.

அடுத்தது மதுரை. பழநிக்கு 120 கிலோமீட்டர் வரும். பூஜை அறையில் விளக்கேற்றி, வீட்டு வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு அப்படியே நடக்கத் தொடங்குவதில் ஒரு நிறைவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாடிப்பட்டி, கொடைரோடு வழியாகத் திண்டுக்கல் வரை உள்ள முதல் பாதி நாலுவழிச் சாலை. லாரியும் ஆம்னி பஸ்ஸும் பக்கத்தில் உரசுகிற மாதிரி போகும். நிழல் குறைவு. காலில் இருக்கிற தெம்பை எல்லாம் இந்த மோசமான பாதியில் செலவழித்துவிட்டு, நல்ல பாதிக்கு நொண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஐந்து ஆறு நாள் தொடர்ந்து நடக்கவும் வேண்டும். நம் வயதில் வில்லங்கம் வருவது மூன்றாம் நாளுக்குப் பிறகுதான். முதல் இரண்டு நாள் உற்சாகமே இழுத்துக்கொண்டு போய்விடும்.

திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினால் சுமார் 60 கிலோமீட்டர். நாளைக்கு இருபது என்று மூன்று நாள். சென்னையிலிருந்து மதுரை போகும் ரயில்களில் பெரும்பாலானவை திண்டுக்கல்லில் நிற்கும், அதனால் வெளியூர்க்காரர்களுக்கும் வசதி. இந்தச் சாலையில் பல இடங்களில் நடந்து வருபவர்களுக்கென்றே ஓரத்தில் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். சீசனில் வழியெங்கும் தண்ணீர், மோர், அன்னதானம். ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று வழியில் உள்ள ஊர்ப் பெயர்களே ஒரு காலத்தில் இது நடந்து போகிறவர்களின் வழி என்று காட்டிக்கொடுக்கும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து என்றால் 30 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இரண்டு நாள் போதும். "அவ்வளவுதானா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். பயிற்சியில் ஒரே நாளில் 15 கிலோமீட்டரைத் தாண்ட முடியாதவர்களுக்கு இதுதான் சரியான இடம். கோவை, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதே கணக்கில் உடுமலையோ தாராபுரமோ அமையும். இரண்டுமே பழநிக்கு 35 கிலோமீட்டர் வாக்கில்.

என் ஓட்டு திண்டுக்கல்லுக்கு. சந்தேகம் இருந்தால் ஒட்டன்சத்திரம். மதுரையிலிருந்துதான் கிளம்புவேன் என்று மனசு அடம்பிடித்தால் வீட்டில் விளக்கேற்றி, தெருமுனைப் பிள்ளையார் வரை நடந்துபோய்ச் சிதறுகாய் போட்டுவிட்டு, திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுங்கள். முருகன் கணக்குப் பார்க்கிறவர் இல்லை.

குழுவோடா, நாம் இருவர் மட்டுமா

இதில்தான் பலரும் யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறார்கள். தெரு நண்பர்கள் குழுவோ கோயில் குழுவோ வருஷா வருஷம் போகும். "நீங்களும் வாங்க சாமி, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். மூட்டை முடிச்சை வேன் தூக்கிக்கொண்டு வரும். சமையல்காரர் கூடவே வருவார். பாட்டும் அரோகராவும் சேர்ந்தால் தூரம் தெரியாது. வழியில் மயக்கம் வந்தால் தூக்க நாலு பேர் இருப்பார்கள். இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதில்லை.

அப்புறம் ஏன் தயக்கம்? மூன்று காரணம் இருக்கிறது. முதலாவது வேகம். குழு எப்போதும் இளவட்டங்களின் வேகத்தில்தான் போகும். அவர்கள் முன்னால் போய் மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறி, நாம் போய்ச் சேருகிற நேரத்தில் எழுந்து கிளம்பிவிடுவார்கள். அதாவது அதிகமாக ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வே கிடைக்காது. இரண்டாவது படுக்கை. மண்டபத்துத் தரையில் ஜமுக்காளம் விரித்துத்தான் படுக்க வேண்டும். முட்டி பிடித்தவர்களுக்கு நடப்பதைவிடத் தரையிலிருந்து எழுவதுதான் பெரிய வேலை. மூன்றாவது கழிவறை. ஆண்கள் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். ஐம்பது பேருக்கு இரண்டு கழிவறை உள்ள மண்டபத்தில், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிற பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பாள். வெயிலில் நடந்துகொண்டு தண்ணீரைக் குறைத்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ரெட்டியார்சத்திரத்தை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நாங்களும் ஒதுங்கியிருந்த ராத்திரி அது. மணி இரண்டேகால் இருக்கும். குருசாமி விசில் ஊதினார். பையன்கள் எழுந்து ஜமுக்காளத்தை உதறி மடித்து வேனில் ஏற்றினார்கள். ஒரு அம்மா மட்டும் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் தூணைப் பிடித்து எழப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் உறையை மாட்டிவிடக் குனிந்த அவர் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நீங்க விடுங்க, நானே போட்டுக்குறேன்" என்று அந்த அம்மா சொல்ல, அவர் கேட்காமல் இன்னொரு தரம் குனிந்தார். இருவரும் ரோட்டுக்கு வந்தபோது குழுவின் கடைசி டார்ச் வெளிச்சம் வளைவில் மறைந்துவிட்டது. குழுவோடு வந்தும் அந்த இருட்டில் அவர்கள் தனியாகத்தான் நடந்தார்கள்.

இதற்கு நேர் எதிர், இருவர் மட்டும் கிளம்புவது. நினைத்த இடத்தில் உட்காரலாம், பிடித்த கடையில் டீ குடிக்கலாம். சீசனில் சாலையில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும், அதனால் அநாதையாக விட்டது போல இருக்காது. பை மட்டும் நம் முதுகில். அதை ஐந்து கிலோவுக்குள் அடக்கிவிட்டால் சமாளிக்கலாம்.

மகனோ மருமகனோ காரைப் பின்னால் ஓட்டிக்கொண்டு வருவது இன்னொரு ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடைமுறையில் அவருக்குப் பொழுது போகாது. அரைமணிக்கு ஒருதரம் "ஏறிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தைப்பூசம் நெருங்க நெருங்கக் காரை நிறுத்தவும் இடம் கிடைக்காது. இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் போன்றோருக்கு டாக்டர் நடக்கச் சம்மதித்தால் மட்டும் இந்த ஏற்பாடு அவசியம் என்பேன். மற்றவர்களுக்கு வேண்டாம்.

எனக்குப் பிடித்த வழி, கொஞ்சம் பேர் முகம் சுளிக்கிற வழி. ஒட்டன்சத்திரத்தில் ஒரு லாட்ஜில், மேற்கத்திய பாணிக் கழிவறையும் கட்டிலும் உள்ள அறையாகப் பார்த்து இரண்டு ராத்திரிக்குச் சொல்லிவிடுவது. முதல் நாள் திண்டுக்கல்லில் தொடங்கி மூலச்சத்திரம் வாக்கில் அன்றைய நடையை நிறுத்திவிட்டு, பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போய்ப் படுப்பது. மறுநாள் விடிகாலையில் பஸ்ஸில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து நடந்து, ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி விருப்பாச்சி வரை போவது. அங்கிருந்து மறுபடி பஸ்ஸில் அதே அறை. மூன்றாம் நாள் விருப்பாச்சியில் தொடங்கி சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழநி. சாலையில் ஒரு அடிகூட விடுபடாது. இரண்டாம் நாள் பெரிய பை அறையிலேயே கிடக்கும். முதல் நாளும் மூன்றாம் நாளும் மட்டும் அதைத் தூக்க வேண்டும், அல்லது தெரிந்தவர் மூலம் முன்னாடியே பழநிக்கு அனுப்பிவிடலாம். நடுவில் பஸ் ஏறினால் அது நடைப்பயணமே இல்லை என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு. கட்டிலில் படுத்து எழுந்து மூன்றாம் நாளும் நடந்தவர்களா, தரையில் படுத்து இரண்டாம் நாள் காலையில் ஆட்டோ ஏறியவர்களா, யார் அதிகம் நடந்தது என்று அவர்களைக் கேளுங்கள்.

குழுவே வேண்டும் என்றால் ஒரு சமரசம் இருக்கிறது. குழுவில் பெயர் கொடுத்து அவர்கள் சாப்பாட்டையும் வேனையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நீங்கள் கிளம்பிவிடுங்கள். குருசாமியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எப்போது

தைப்பூசம் வருஷத்துக்கு வருஷம் நகரும். 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. திருவிழா பத்து நாள். கடைசி மூன்று நாள் கூட்டம் சொல்லி மாளாது. அந்த மூன்று நாளில் பஸ்கள் நிரம்பி வழியும், போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், அறை கிடைக்காது, நான் மேலே சொன்ன பஸ் கணக்கும் குழம்பிவிடும். தேர் பார்த்தே ஆக வேண்டும் என்ற வேண்டுதல் இல்லாவிட்டால், கொடியேறிய உடனே வரும் நாட்களில் நடந்து முடித்துவிடுவது உத்தமம். அன்னதானப் பந்தல்கள் அதற்குள் தொடங்கியிருக்கும், ஆள் நடமாட்டமும் இருக்கும், ஆனால் நெரிசல் இருக்காது.

பங்குனி உத்திரத்துக்கு நடப்பது கொங்குப் பக்கத்தில் பெரிது. கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பங்குனி வெயிலில் நெடுநடை வேண்டாம் என்பது என் கட்சி. சீசன் இல்லாத மாதத்தில், கார்த்திகைக்கோ சஷ்டிக்கோ போகலாமா என்றால், கோயில் நிம்மதியாக இருக்கும், சாலை நிம்மதியாக இருக்காது. வண்டி ஓட்டுகிறவர்கள் அந்த நாட்களில் ஓரத்தில் ஆள் நடப்பார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை.

ராத்திரியா பகலா என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. ராத்திரி நடை குளிர்ச்சிதான். ஆனால் கண்புரை அறுவை செய்தவர்களுக்கும் செய்ய வேண்டியவர்களுக்கும் எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சம் பட்டால் சாலையின் பள்ளமே தெரியாது. தூக்கமும் கெடும், மாத்திரை நேரமும் மாறும். தை மாதத்தில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். ஐந்தரைக்குக் கிளம்பி, பத்தரை பதினொன்றுக்குள் பன்னிரண்டு பதினான்கு கிலோமீட்டர் முடித்து, மத்தியானம் படுத்துவிட்டு, மாலை நாலு மணிக்கு மேல் மிச்சத்தை நடந்தால் போதும். இருட்டில் நடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் முதுகில் ஒளிரும் பட்டை வேண்டும். சீசனில் போலீஸ்காரர்களே ஒட்டிவிடுவார்கள். அவர்களை நம்பாமல் வீட்டிலிருந்தே இரண்டு வாங்கிப் போங்கள். தனிப் பாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலது ஓரமாக நடப்பதே பாதுகாப்பு.

வெறுங்காலா, செருப்பா, ஷூவா

இதை எழுதும்போதே யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். மாலை போட்டு விரதம் இருந்தால் செருப்புப் போடக் கூடாது என்று வளர்ந்தவள்தான் நானும். ஆனால் சர்க்கரை பத்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது. மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து டாக்டர் சொல்லிவிடுவார். உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அவர் சொன்னால் வெறுங்கால் பேச்சே கூடாது. அப்படித் தெரியாமல் பட்ட புண் ஆறாமல் விரலை எடுக்கும்படி ஆன கதை எல்லோர் சொந்தத்திலும் ஒன்றாவது இருக்கும்.

உணர்ச்சி நன்றாக இருக்கிறது, வெறுங்காலில்தான் நடப்பேன் என்ற வேண்டுதலும் இருக்கிறது என்றால் மூன்று மாதம் முன்பிருந்தே பாதத்தைப் பழக்க வேண்டும். பயிற்சி முழுக்க ஷூவில் நடந்துவிட்டு, அன்றைக்கு மட்டும் கழற்றினால் முதல் பத்து கிலோமீட்டரில் கொப்புளம் போடும். வேண்டுதலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆயக்குடி தாண்டி மலை கண்ணில் படும் இடத்திலிருந்து, அல்லது அடிவாரத்திலிருந்து வெறுங்கால் என்று வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்றபடி செருப்புக்கும் ஷூவுக்கும் இடையில் என்றால், பின்பக்கம் பட்டை உள்ள நடைச் செருப்பு நம் ஊர் வெயிலுக்கு நல்லது, ஈரமும் சீக்கிரம் காயும். ஆனால் பொடிக்கல் உள்ளே போகும். கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஷூவும் பருத்திச் சாக்ஸும்தான். ஷூ வாங்கப் போவதானால் சாயங்காலம் போங்கள். நடந்தால் பாதம் வீங்கும், அதனால் சாயங்காலக் காலுக்குச் சரியாக இருப்பதே நெடுநடைக்கும் சரியாக இருக்கும். புது ஷூவோடு கிளம்பக் கூடாது. நகத்தை நாலு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். மத்தியானமும் ராத்திரியும் ஒருவர் பாதத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. குனிந்து தன் உள்ளங்காலைத் தானே பார்க்க நம் வயதில் எத்தனை பேரால் முடியும்? எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் என் காலை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பார். கூச்சத்தில் முதலில் காலை இழுத்துக்கொண்டேன். சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

மருந்துப் பை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நாளெல்லாம் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். அளவை எப்படி மாற்றுவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நாமே நிறுத்தக் கூடாது. இருவர் பையிலும் குளுக்கோஸோ கல்கண்டோ இருக்க வேண்டும். ஒருவர் பையில் மட்டும் இருந்தால் அவர் முன்னால் போயிருப்பார். வியர்வையும் நடுக்கமும் தலைசுற்றலும் வந்தால் அதை நடந்த களைப்பு என்று நினைக்காமல் உடனே வாயில் போட்டுவிட்டு உட்கார வேண்டும்.

வழியில் மருத்துவ முகாம்களில் வலி மாத்திரை கேட்டால் கிடைக்கும். சர்க்கரை, பிரஷர், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் அதை வாங்கி விழுங்குவதற்கு முன் தாங்கள் சாப்பிடும் மருந்தைச் சொல்ல வேண்டும். வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் படுத்திவிடும். தைலம் தேய்ப்பதால் அப்படி ஒன்றும் ஆகாது.

பயிற்சி

தீபாவளிப் பலகாரம் தீர்ந்ததும் தொடங்கினால் தைப்பூசத்துக்குச் சரியாக இருக்கும். தினம் மூன்று நாலு கிலோமீட்டரில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் நீளமாக. மதுரைக்காரர்களுக்குத் திருப்பரங்குன்றம் எட்டு கிலோமீட்டர், அழகர்கோவில் இருபது. போகும்போது நடை, திரும்பும்போது பஸ். வேறு ஊர்க்காரர்கள் திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டரை ஒரு வெள்ளோட்டமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் பௌர்ணமி வேண்டாம். மார்கழி வந்தால் நமக்கு ரொம்ப வசதி. எப்படியும் விடிகாலையில் எழுந்து கோயிலுக்குப் போகிறோம், கொஞ்சம் தள்ளியிருக்கிற கோயிலுக்குப் போக வேண்டியதுதான்.

உண்மையான சோதனை ஒன்றுதான். அடுத்தடுத்த இரண்டு நாள், நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர். இரண்டாம் நாள் சாயங்காலம் இருவரும் சாதாரணமாகப் படி ஏற முடிந்தால் திண்டுக்கல்லிலிருந்து தாராளமாகக் கிளம்பலாம். ஒருவருக்கு முட்டி வீங்கினால் ஒட்டன்சத்திரம். நெஞ்சில் இறுக்கமோ மூச்சு வாங்குவதோ வந்தால் பழநியை அடுத்த வருஷத்துக்கு வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு விஷயத்தையும் இந்த மூன்று மாதத்தில் பேசி முடித்துவிட வேண்டும். நடுவழியில் ஒருவரால் முடியாமல் போனால் மற்றவர் என்ன செய்வது? இருவரும் நிறுத்துவதா, ஒருவர் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போய்க் காத்திருக்க மற்றவர் நடப்பதா? இருவரும் சேர்ந்தே நிறுத்துவது பாசமாகத் தெரியும். ஆனால் "என்னாலதானே உங்க வேண்டுதல் நின்னுபோச்சு" என்ற பேச்சு வருஷம் முழுக்க வீட்டில் ஓடும். அதற்குப் பயந்தே வலியை வெளியில் சொல்லாமல் நடக்கிறவர்கள்தான், பெரும்பாலும் பெண்கள், காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதனால் என் யோசனை, சாதாரண மூட்டு வலி, கொப்புளம் என்றால் ஒருவர் பஸ், மற்றவர் நடை. மயக்கம், நெஞ்சு வலி, சர்க்கரை இறக்கம் என்றால் இருவருமே நிறுத்துவது. இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசிக்கொண்டால் சாலை ஓரத்தில் நின்று சண்டை போட வேண்டாம்.

மலைக்கு மேலே

அறுபது கிலோமீட்டர் நடந்தவர்களுக்கு கிட்டத்தட்ட எழுநூறு படி என்ன பெரிது என்று தோன்றும். ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். ஏறுவதற்கு யானைப் பாதை நல்லது, சரிவு மெதுவாகப் போகும். இறங்குவதற்குத் தண்டவாளத்தில் போகும் விஞ்ச்சோ, அந்தரத்தில் கம்பியில் போகும் ரோப் காரோ. ரோப் கார் சீக்கிரம் போகும், ஆனால் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், பராமரிப்புக்காகவும் சில சமயம் நிற்கும். விஞ்ச் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் காற்றுக்கு அஞ்சாது. இரண்டிலுமே தைப்பூச நெரிசலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். முன்கூட்டியே வந்துவிட்டால் இந்தத் தொல்லையும் பாதி குறையும். மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் இப்போது தனியார் வண்டிகளை விடுவதில்லை. கோயில் சார்பில் பேட்டரி கார் ஓடுகிறது, அசதியாக இருந்தால் கூச்சப்படாமல் ஏறிக்கொள்ளலாம்.

2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கூட்டத்தில் கை விட்டுப்போனால் ஒருவரை ஒருவர் கூப்பிட வழியில்லை என்பதை முதலிலேயே நினைவில் வைத்து, மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்று பேசிக்கொள்ளுங்கள். "கோயில் வாசல்ல" என்றெல்லாம் சொல்லக் கூடாது, அங்கே ஆயிரம் பேர் நிற்பார்கள். போனைக் கொடுத்த கவுன்டர்தான் நல்ல இடம், இருவரும் எப்படியும் அங்கே வந்தாக வேண்டும். பெயர், வீட்டு போன் நம்பர், சாப்பிடும் மருந்து இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி இருவர் சட்டைப் பையிலும் முந்தானையிலும் முடிந்துகொண்டால் இன்னும் நிம்மதி.

திரும்பும்போது பஸ்ஸா ரயிலா என்றால் ரயில். பழநியிலிருந்து மதுரைப் பக்கம் ரயில் உண்டு, சில வருஷம் தைப்பூசத்துக்குச் சிறப்பு ரயிலும் விட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்தால் இறங்கும்போது யாராவது கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். ரயிலில் காலை நீட்டிக்கொள்ளலாம், எழுந்து நாலு எட்டு நடக்கலாம். நேரம் ஒத்துவராவிட்டால் அன்று ராத்திரி பழநியிலேயே தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையத்திலோ வெளியில் உள்ள விடுதியிலோ அறை பார்க்கலாம். எதுவானாலும் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும்.